கேலிப்படத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி

எங்கள் அலுவலகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. முதலாளி சேக் பரீது அன்று தொழுகைக்குப் போய்விடுவார். பேகம்பூர் தாண்டி இருக்கும் தோல் ஆலையில் தொட்டிகள் மூடிக் கிடக்கும். ஞாயிறு வேலை நாள். அதனால் எழுத்தர் பிரிட்டோ சார் ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பூசையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் நேராக அலுவலகம் வருவார். சட்டைப் பையிலிருந்து செபமாலையை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது கடந்திருந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே வேலை. வெளிநாட்டில் தோல் வாங்குகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டும். அவர்கள் எழுதுவதை முதலாளிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். பக்கத்துப் பக்கத்து மேசை. இருவருமே அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. முதல் சில மாதங்களில் எங்களுக்குள் நடந்த பேச்சு "ஃபேன் வேகமா இருக்கா பாஸிலா?", "இருக்கட்டும் சார்" என்ற அளவில்தான் இருந்தது.

அவர் பழைய இங்கிலாந்துக் கேலிப்படங்களைச் சேர்க்கிறார் என்பது எனக்குத் தபால்காரர் மூலம் தெரிந்தது. வீட்டில் அக்காவுக்குப் பிடிக்காது என்று பார்சல்களை அலுவலக முகவரிக்கே வரவழைப்பார். ஒருநாள் தபால்காரர் நீளமான அட்டைக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

"லண்டன் காலண்டர் வந்துருச்சு சார். இந்த வருசமாவது எனக்கு ஒண்ணு குடுங்க."

"காலண்டர் இல்லப்பா."

"பின்ன என்ன, ஜாதகமா? இனிமேப் பொருத்தம் பாத்து என்ன செய்யப் போறீங்க?"

பிரிட்டோ சார் கல்யாணம் ஆகாதவர். அவர் கோபப்படவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். மேசையில் வெள்ளைத் துணி விரித்துக் குழாயைத் திறந்தார். உள்ளே சுருண்டிருந்தது பழுப்பேறிய தடித்த தாள். வயிறு பெருத்த ஒருவன் மேசையில் உலக உருண்டையை வைத்துக் கேக் வெட்டுவதுபோல் வெட்டிக்கொண்டிருந்தான். எதிரே ஒரு குட்டி மனிதன் தன் பங்கை வாளால் அறுத்துக்கொண்டிருந்தான்.

நெப்போலியன் ஐரோப்பாவை ஆட்டிவைத்த காலத்தில் லண்டனில் விற்ற படங்கள் அவை. செம்புத் தகட்டில் கீறி, மை தடவி, தாளில் அழுத்தி எடுப்பார்கள். பிறகு ஒவ்வொரு தாளுக்கும் கையால் வண்ணம் பூசுவார்கள். அவசரத்தில் பூசியிருப்பார்கள் போல. அந்தக் குட்டி மனிதன்தான் நெப்போலியன். அவன் சட்டைச் சிவப்பு வரைகோட்டைத் தாண்டிக் கன்னத்திலும் ஒழுகியிருந்தது. பிரிட்டோ சாருக்கு அது பிடித்திருந்தது. "யாரோ சாப்பாட்டுக்குப் போற அவசரத்துல பூசிருக்காங்க" என்றார். தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே ஓடும் நீர்க்கோடுகளைப் பார்த்தார். செம்புத் தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளத்தின் மேல் விரல் நுனியை ஓட்டினார். அன்று மதியம் வந்த மின்னஞ்சல்களை எல்லாம் நான்தான் பார்த்தேன்.

இது எப்படித் தொடங்கியது என்று பிறகொரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். பல வருடங்களுக்கு முன் எங்களிடம் தோல் வாங்கிய ஓர் ஆங்கிலக் கம்பெனி கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அனுப்பியது. அட்டையில் மாட்டுத் தொழுவமும் இல்லை, தேவதூதரும் இல்லை. தொடைவரை வரும் பூட்ஸுக்குள் பாதி மூழ்கிப்போன ஒரு குட்டி மனிதன் கோபத்தில் குதிக்கிறான். அவன் எவ்வளவு குதித்தாலும் பூட்ஸ் தரையை விட்டு எழும்ப மறுக்கிறது. பூட்ஸ் செய்கிற கம்பெனி என்பதால் அந்தப் பழைய படத்தைப் போட்டிருந்தார்கள். பிரிட்டோ சார் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில், பக்கத்து அறையில் தோல் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்களாம்.

"பெரிய காரணம் ஒண்ணும் இல்ல பாஸிலா. இதுக்கு முன்னாடி எப்பச் சிரிச்சேன்னு யோசிச்சுப் பாத்தேன். ஞாபகம் வரல. அதான் தேட ஆரம்பிச்சேன்."

அவர் வாங்கியவை பெரும்பாலும் ஓரம் கிழிந்தவை, கறை பட்டவை, பெரிய சேகரிப்பாளர்கள் ஒதுக்கியவை. வீட்டுப் பீரோவில் ஒரு தட்டில் அவருடைய சட்டைகள், மற்ற தட்டுகளில் எல்லாம் படங்கள். ஈரம் ஏறாமலிருக்க, நாங்கள் தோல் பெட்டிகளுக்குள் போட்டு அனுப்பும் சிலிக்கா பொட்டலங்களைத் தாள்களுக்கிடையில் வைத்திருந்தார். ஒவ்வொரு படத்தின் கேலியும் புரிய அந்த வருடத்து வரலாற்றைத் தேடிப் படித்தார். யார் அந்த மந்திரி, எதற்கு அவன் கையில் தேநீர்க் கெட்டில், எந்த உடன்படிக்கை கிழிந்து கிடக்கிறது என்று எல்லாம் தெரிந்துகொண்ட பிறகு படத்தை எடுத்து மறுபடி பார்ப்பார். அப்போது சிரிப்பு வரும். வீட்டில் தனியாகச் சிரிப்பார்.

யாரிடமும் காட்டவில்லை என்று சொல்ல முடியாது. ஒருமுறை முதலாளியே கேட்டார்.

"யப்பா பிரிட்டோ, என்னமோ ராஜா படமெல்லாம் வாங்குறியாமே. காட்டு பாப்போம்."

பூட்ஸுக்குள் மூழ்கியவனின் படம்தான். வாழ்த்து அட்டையில் பார்த்ததன் அசல் பிரதி ஒன்றை அப்போதுதான் வாங்கியிருந்தார். முதலாளி தலையைச் சாய்த்து நிதானமாகப் பார்த்தார். பிரிட்டோ சார் படத்தைப் பார்க்கவில்லை, முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குதிகால்ல மடிப்பு விழுந்திருக்கு பாரு. தோல் பதம் சரியில்ல. நம்ம சரக்கா இருந்தா திருப்பி அனுப்பியிருப்பான்."

"அது அந்த ஆளக் கேலி பண்றது பாய்."

"கேலி பண்ணட்டும்ப்பா. அதுக்காக இம்புட்டுத் தோல வீணாக்கணுமா?"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். முதலாளி சொன்னதற்குத்தான் சிரித்தோம். பிரிட்டோ சாரும் புன்னகைத்துவிட்டுப் படத்தை உறைக்குள் வைத்தார்.

எனக்கும் காட்டினார். நான் கல்லூரியில் ஆங்கிலம் படித்தவள் என்பதால் அவருக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்திருக்கும். யார் யார் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். விளக்கி முடித்தபோது எனக்கு எல்லாம் புரிந்திருந்தது. சிரிப்பு வரவில்லை. மரியாதைக்காகச் சிரித்தேன்.

"பரவால்ல பாஸிலா" என்றார். "சோறு ஆறிப்போச்சுன்னா அது யாரு தப்பும் இல்ல."

பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு படத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறார். தொப்பி போட்ட பழைய மனிதனின் படத்தை ஒருவர் திடீரென்று போட்டதும், யாரோ போய்விட்டார் என்று நினைத்து முதல் ஆள் "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதினார். அதன்பின் வரிசையாகக் கும்பிடும் கைகள். கொடைரோட்டில் இருந்த ஒரு நண்பர் ஃபோன் செய்து, "அடக்கம் எத்தன மணிக்குடா?" என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது அவரே சிரித்தார். நானும் உண்மையாகவே சிரித்தேன். பிறகு அவர் சொன்னார்.

"அந்தக் காலத்துல இதக் கடைக் கண்ணாடியில ஒட்டி வைப்பாங்களாம். போற வாறவங்க எல்லாம் கும்பலா நின்னு பாத்துச் சிரிப்பாங்க. தெருவே அடைச்சுக்கிடுமாம். இது ஒரு ஆளு தனியா உக்காந்து சிரிக்க வரைஞ்சது இல்ல பாஸிலா."

அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். விளக்கம் கேட்காமல் கூடச் சேர்ந்து சிரிக்க ஓர் ஆள்.

குறிப்பாக ஒரு படத்தை வருடக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் அடிக்கடி திறந்து பார்ப்பார். நெப்போலியனுக்கு முடிசூட்ட அன்றைய பாப்பரசர் பாரிசுக்கு வந்ததைக் கேலி செய்யும் படம். நடுவில் பாப்பரசர் மூன்றடுக்குக் கிரீடத்தோடு நின்று மணிமுடியை உயர்த்திப் பிடித்திருக்கிறார். எதிரே குட்டி நெப்போலியன், அதே பெரிய பூட்ஸோடு. உயரம் எட்டாததால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய திண்டுகளின் மேல் நுனிக்காலில் நிற்கிறான். அடுக்கு ஒருபக்கம் சரிகிறது. விழுவதற்குள் முடியைப் பிடுங்கிவிட வேண்டும் என்று ஒரு கை ஏற்கெனவே நீண்டிருக்கிறது. தூபக்கலசம் ஆட்டும் பூசை உதவியாளனின் அங்கிக்குக் கீழே குளம்புக் கால் தெரிகிறது. அவன் பிசாசு. ஓரத்தில் படைவீரர்கள் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள்.

"நீங்க கோயிலுக்குப் போறவங்க. பாப்பரசரக் கேலி பண்றது ஒரு மாதிரியா இல்லையா சார்?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. பெறகு நல்லாப் பாத்தேன். அந்தப் பெரியவரு பாவம், வேற வழியில்லாம வந்து நிக்கிறாரு. வரைஞ்சவனுக்கே அவரு மேல எரக்கம் இருக்கு. கண்ணப் பாருங்க."

ஜூலை மாதக் கடைசியில் அந்தப் படம் அவர் கைக்கு வந்தது. அலுவலகத்தில் அவர் குழாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போனார். சுருண்டிருந்த தாளை நிமிர்த்துவதற்காக இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, மேலே இரண்டு அகராதிகளைப் பாரமாக ஏற்றிவிட்டு மறுநாள் வேலைக்கு வந்துவிட்டார்.

வீட்டில் இருப்பது அவரும் அக்கா அன்னாளும் மட்டும். மரியநாதபுரத்தில் தெருவைப் பார்த்த சிறிய வீடு. பெற்றோர் சீக்கிரமே போய்விட்டதால் அக்கா கன்னியர் மடத்து விடுதியில் சமையல் வேலை செய்து தம்பியைப் படிக்கவைத்தவர். அவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்போது மூட்டுவலியால் கோயிலுக்குப் போக முடிவதில்லை. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து நற்கருணை, அதாவது பூசையில் ஆசீர்வதித்த அப்பம், கொடுப்பார். தம்பியின் படங்களை அன்னாள் அக்கா "பேய்ப் படம்" என்பார். பீரோப் பக்கம் போனதே இல்லை.

அந்த வாரம் புனித அன்னம்மாள் திருநாள். அக்காவின் பெயர்கொண்ட புனிதரின் நாள். மேசையைத் துடைக்கப் போன அக்கா அகராதிகளைத் தூக்கி அட்டையைத் திறந்திருக்கிறார். உள்ளே பாப்பரசர். கையில் மணிமுடி, சுற்றிலும் தூபப் புகை. தம்பி தன் திருநாளுக்காக ரகசியமாக வாங்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்துவிட்டார். சுவாமிப் படங்களுக்குச் சட்டம் போடும் சூசைமுத்துவின் கடை அதே தெருவில்தான் இருக்கிறது. அவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார்.

மாலையில் பிரிட்டோ சார் வீட்டுக்குப் போனபோது வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. அன்பியக் கூட்டம், அதாவது அந்தப் பகுதிக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிப்பது, அன்று அவர்கள் வீட்டில். பீடத்தில் இருதய ஆண்டவருக்கும் மாதாவுக்கும் நடுவில் தங்க நிறச் சட்டத்துக்குள் அவருடைய கேலிப்படம் இருந்தது. மல்லிகைச் சரம் போட்டிருந்தார்கள். சுற்றிலும் சீரியல் பல்பு. கீழே மெழுகுவர்த்தி.

"சொல்லாமயே வச்சுட்டுப் போயிட்டியேப்பா" என்று அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்திருந்தது.

"குடுத்து வச்சவ அன்னாளு" என்றார் ஒரு பெண். "நமக்கெல்லாம் வேளாங்கண்ணிலருந்துதான் வருது. இவளுக்கு லண்டன்லருந்து வருது."

"அந்தக் குட்டை ராசா யாருக்கா?"

"யாரோ மனந்திரும்புன ராசா. பெரியவரு கையால முடி வாங்குறாரு" என்றார் அக்கா.

மறுநாள் என்னிடம் இதையெல்லாம் அவர் இந்த வரிசையில் சொல்லவில்லை. வந்து உட்கார்ந்ததும் முதலில் சொன்னது, "ஓரம் போச்சு பாஸிலா" என்பதுதான். கடையில் தயாராக இருந்த சட்டத்தின் அளவுக்கு சூசைமுத்து படத்தை வெட்டியிருந்தார். கீழே இருந்த தலைப்பும், வெளியிட்ட தேதியும், லண்டன் தெருவின் பெயரும் போயின. பிசாசின் குளம்பு போனது. பக்கவாட்டில் சிரித்த வீரர்கள் போனார்கள். மிச்சத்தைப் பசை தடவி ஹார்டுபோர்டில் ஒட்டிவிட்டார். பிரிட்டோ சார் காலையில் அவர் கடைக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தார்.

"கீழ என்னமோ இங்கிலீஷ்ல விளம்பரம் மாதிரி இருந்துச்சு சார். சாமி படத்துக்கு எதுக்குன்னு எடுத்துட்டேன்" என்றாராம் சூசைமுத்து.

"அந்தத் துண்டு எங்கங்க?"

"குப்பையோட எரிச்சாச்சே. ஏன் சார், வாரண்டி கார்டா?"

அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். படத்தைக் கழற்றினால் வெயிலிலிருந்தாவது காப்பாற்றலாம். மேற்குச் சன்னலின் மாலை வெயில் பீடத்தின் மேல் நேராக விழுகிறது என்றும், கையால் பூசிய வண்ணம் ஒரு கோடைக்குக்கூடத் தாங்காது என்றும் அவரே சொல்லியிருந்தார்.

"எப்படிச் சொல்றது? உனக்கு வாங்கலன்னு சொல்லணும். அதோட விட்டாப் பரவால்ல. நீ மெழுகுவத்தி கொளுத்துறது பாப்பரசரக் கேலி பண்ற படத்துக்குன்னு சொல்லணும். அவ அதுக்குச் சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணுவா. அன்பியத்துல அம்புட்டுப் பேரும் பாத்துட்டாங்க. அதுக்கப்புறம் அவ வாசப்பக்கம் வரமாட்டா."

அவர் வேறு வழிகளை முயன்று பார்த்தார். வெயில் படுகிறது, உள் அறையில் வைக்கலாமா என்று கேட்டார். "உள்ள வச்சா தெருவுல போறவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அக்கா. சன்னலைச் சாத்தி வைத்தார். காற்று வரவில்லை என்று அக்கா திறந்துவிட்டார். சீரியல் பல்பைக் கழற்றியதில் மட்டும் வெற்றி. கரண்ட் செலவு என்று சொன்னாராம்.

இதற்கிடையில் முதல் வெள்ளி நெருங்கியது. நற்கருணையோடு வரப்போகிறவர் புதிதாக வந்திருந்த ரொனால்டு சாமியார். இளம் வயது, ஐரோப்பாவில் சில வருடங்கள் படித்துவிட்டு வந்தவர். அவர் படத்தைப் பார்த்தால் என்னவென்று தெரிந்துகொள்வார். அக்காவின் முன்னாலேயே சொல்லிவிட்டால்?

"அவரு சொல்லி அவளுக்குத் தெரியறதுக்கு நானே சொல்லிர்றது நல்லது" என்று வியாழக்கிழமை மாலை பிரிட்டோ சார் சொன்னார். "இன்னைக்குச் சொல்லிருவேன். நாளைக்கு நீங்க செத்த நேரம் வீட்டுக்கு வாங்க பாஸிலா. அக்கா உங்களக் கூட்டியாரச் சொல்லிக்கிட்டே இருக்கா. வேத்து ஆளு இருந்தா அவ அழ மாட்டா."

வெள்ளிக்கிழமை காலையில் போனேன். கதவைத் திறந்த அவர் முகத்தைப் பார்த்ததுமே சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது. உள்ளே பீடத்துக்கு எதிரே நாற்காலியில் அன்னாள் அக்கா வெள்ளைச் சேலை கட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சிறிய மேசை, வெள்ளைத் துணி, கிண்ணத்தில் தண்ணீர். படம் அவர் பார்வைக்கு நேரே இருந்தது.

"வா பாப்பா. சாமி வரதுக்குள்ள பாத்துரு. எப்புடி இருக்கு?"

"நல்லாருக்கு அத்தை."

"நேத்து இவங்கிட்டச் சொன்னேன். எனக்கு இப்பத்தான் நெஞ்சு எளிசா இருக்குன்னு. நான் போயிட்டா இவன் அந்தப் பேய்ப் படங்களோட தனியாக் கெடப்பானேன்னு கெதக்குன்னு இருக்கும். இனிமே என்ன, அவனே வீட்டுக்கு ஒரு நல்ல படம் வாங்கிட்டான். புத்தி வந்துருச்சு."

பிரிட்டோ சார் சன்னல் திரையைச் சரிசெய்துகொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

வெளியே ஸ்கூட்டர் நின்றது. நான் சமையலறை வாசலுக்கு ஒதுங்கிக்கொண்டேன். ரொனால்டு சாமியார் யாரிடமும் பேசாமல் உள்ளே வந்தார். நற்கருணை கையில் இருக்கும்போது பேச மாட்டார்களாம். மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். செபம் நடந்தது. அக்கா கண்ணை மூடி நாவை நீட்டி வாங்கிக்கொண்டார். சாமியார் விரலைக் கிண்ணத்துத் தண்ணீரில் கழுவினார், சிறிய பெட்டியை மூடிப் பையில் வைத்தார், துணியை மடித்தார். அக்கா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. அப்போதுதான் சாமியார் தலை நிமிர்ந்து பீடத்தைப் பார்த்தார்.

முதலில் கும்பிடப் போவதுபோல் கை எழுந்தது. பாதியில் நின்றது. பார்வை மணிமுடியிலிருந்து நீண்ட கைக்கு வந்தது, அங்கிருந்து பூட்ஸுக்கு, அங்கிருந்து சரியும் திண்டுகளுக்கு. வகுப்பில் அடக்க முடியாமல் சிரிக்கும் மாணவனைப்போல் சிரிப்பு அவருக்கு மூக்கு வழியாக வெடித்து வந்தது.

நான் பிரிட்டோ சாரைப் பார்த்தேன். அவர் வாய் திறந்திருந்தது, தோள் குலுங்கத் தொடங்கியிருந்தது. அந்த ஒரு நொடி இருவரும் ஒரே சிரிப்பில் இருந்தார்கள்.

"என்ன சாமி?" அக்கா கண் திறந்து கேட்டார்.

பிரிட்டோ சாரின் முகம் மாறியது. அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றபடி அவர் தலையை இரண்டு பக்கமும் மெல்ல அசைத்தார்.

சாமியார் இருமினார். "ஒண்ணுமில்லம்மா. இந்தப் படம்..."

"தம்பி வாங்கிக் குடுத்தது சாமி. என் திருநாளுக்கு. லண்டன்லருந்து."

சாமியார் அக்காவைப் பார்த்தார். பிறகு பிரிட்டோ சாரைப் பார்த்தார். "ரொம்பப் பழைய படம்மா. பத்திரமா வச்சுக்குங்க" என்றார்.

அவரை வழியனுப்ப பிரிட்டோ சார் வாசலுக்குப் போனார். சமையலறைச் சன்னல் வாசலை ஒட்டி இருந்ததால் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"இத எங்க புடிச்சீங்க?" சாமியாரின் குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது. "நான் படிக்கிறப்போ ஒரு மியூசியத்துல இந்த மாதிரிப் படங்கள ஒரு ரூம் நிறைய மாட்டியிருந்தாங்க. பாக்கப் போன நாங்க எல்லாம் சிரிச்ச சிரிப்புல காவலாளி வந்து வெளிய போகச் சொல்லிட்டாரு. வேற இருக்கா உங்ககிட்ட? இருந்தா ஒருநாள் உக்காந்து எல்லாத்தையும் பாப்போம். இங்கேயே வாரேன்."



"இல்ல ஃபாதர். இது ஒண்ணுதான். அக்காவுக்காக வாங்கினது."

"ஓ" என்றார் சாமியார். ஸ்கூட்டர் கிளம்பிப் போனது. பிரிட்டோ சார் உடனே உள்ளே வரவில்லை.

வந்ததும் அக்கா சொன்னார்: "சாமிக்குப் படத்தப் பாத்து எம்புட்டுச் சந்தோசம், பாத்தியா? போன சாமியெல்லாம் உர்ருன்னு இருப்பாரு."

"ஆமாக்கா" என்றார்.

அக்கா எனக்குக் காப்பியும் பணியாரமும் கொடுத்தார். அந்த மனந்திரும்பிய ராஜாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசினார். நான் கிளம்பியபோது பிரிட்டோ சார் செருப்பைப் போட்டுக்கொண்டு, பஸ் நிறுத்தம் வரை வருவதாகச் சொன்னார். அவர் அப்படி வருகிறவர் இல்லை.

சூசைமுத்து கடை வாசலில் நின்று, "படம் எப்புடி சார், சாமி பாத்தாரா?" என்று கேட்டார். பாத்தாரு என்று சொல்லிவிட்டுப் பிரிட்டோ சார் நடந்தார். மெயின் ரோட்டில் வெயில் ஏறியிருந்தது. நிறுத்தத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. நான் சனிக்கிழமை அனுப்ப வேண்டிய சரக்கைப் பற்றி ஏதோ கேட்டேன்.

"அவரு எந்த எடத்துல சிரிச்சாருன்னு கவனிச்சீங்களா பாஸிலா?"

"இல்ல சார்."

"திண்டு கிட்ட. முடி, கை, பூட்ஸு எல்லாம் பாத்துட்டு, திண்டு சரியுறதப் பாத்தவுடனதான் சிரிச்சாரு. கம்ப்யூட்டர்ல எத்தன தடவ தெறந்தாலும் எனக்கும் அந்த எடத்துலதான் வரும்."

பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ் தூரத்தில் தெரிந்தது. அவர் இரண்டடி முன்னால் போய்க் கையைக் காட்டி அதை நிறுத்தினார்.